சனிக்கிழமை விருந்தைத் தள்ளிப்போடுங்கள்

கமாடோ அடுப்பு வாங்கியிருக்கும் நம் தெருத் தம்பி தங்கைகளுக்கு,

வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் அடுப்பு லாரியிலிருந்து இறங்கியபோது நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நாலு பேர் சேர்ந்து தூக்கியும், கொல்லைப்புறம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினீர்கள். 18 அங்குலக் கம்பித்தட்டு பிடிக்கிற அடுப்பு 70 கிலோவுக்கு மேல் கனக்கும். கமாடோ என்பது மூடி வைத்த கரியடுப்பு, பெரும்பகுதி சுட்ட பீங்கான். ஒன்பது வீட்டுக்காரர்கள் பணம் போட்டு ஒரே அடுப்பு வாங்குவதை அட்லாண்டாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. மனசு நிறைந்துபோனது. ஆனால் அன்று ராத்திரியே தெருக் குழுவில் செய்தி வந்துவிட்டது: சனிக்கிழமை மத்தியானம் 30 பேருக்குச் சாப்பாடு, 14 பவுண்டு மாட்டுப் பிரிஸ்கெட், இரண்டு முழுக்கோழி, பிள்ளைகளுக்குப் பீட்சா, எல்லாம் புது அடுப்பில்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களோடு நிற்காமல் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதக் காரணம் இருக்கிறது. ஆசையாக வாங்கின கமாடோ, மூன்று தடவை பற்றவைத்ததோடு சரி, உறை போட்டு மூடி டெக்கின் மூலையில் நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கேட்டால், “அது சரியா வரலைக்கா” என்பார்கள். அடுப்பில் ஒரு குறையும் இருக்காது. முதல் நாளே ஊரைக் கூட்டியிருப்பார்கள். விருந்தாளி பசியோடு உட்கார்ந்திருக்க, புது அடுப்போடு மல்லுக்கட்டியிருப்பார்கள். அந்தக் கசப்பு அப்படியே தங்கிவிடும். உங்கள் அடுப்புக்கு அந்தக் கதி வரக்கூடாது.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. என் சித்தப்பாவும் மூட்டம் போட்டவர். விறகை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் போட்டு மூடி, அதற்கு மேல் மண்ணைப் பூசி, ஒரு வாய் வழியாகத் தீ வைப்பார்கள். தீ உள்ளே பிடித்த பிறகு எல்லா வேலையும் காற்றோடுதான். எங்கேயாவது மண் சரிந்து ஓட்டை விழுந்தால் உடனே ஈரமண்ணை அள்ளி அப்ப வேண்டும். விட்டுவிட்டால் கரியாக வேண்டிய விறகு சாம்பலாகிப்போகும். சித்தப்பா ராத்திரியில் எழுந்துபோய்ப் புகையைப் பார்த்துவிட்டு வருவார். ஆரம்பத்தில் வெள்ளையாக, கெட்டியாக வரும். விறகின் ஈரம் வெளியேறுகிறது என்று அர்த்தம். போகப் போகப் புகை மெலிந்து நீலம் பாயும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிடுவார். வீட்டிலே அம்மாவிடம் ஒரு குமுட்டி அடுப்பு இருந்தது. அதன் சின்ன வாய்க்கு நேராகப் பனையோலை விசிறியால் நாலு வீசு வீசினால் கங்கு சிவக்கும். பால் பொங்கி வருகிறதா, வாயில் ஒரு ஓட்டுத்துண்டைச் சாத்திவைத்தால் அடங்கும்.

2011-இல் இங்கே முதல் கமாடோவை வாங்கினபோது, இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் இது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. 20 வருஷம் கேஸ் அடுப்பில் சமைத்த கை, கேஸ் அடுப்பாகவே இதையும் நினைத்துவிட்டது.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். கரியைக் கொட்டி, மூன்று நாலு இடத்தில் பற்றவைத்து, கீழ்க்கதவையும் மேல்வாயையும் முழுசாகத் திறந்துவிட்டு, கோழிக்கு மசாலா தடவ உள்ளே போய்விட்டேன். வந்து பார்க்கும்போது முள் 650 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நின்றது. எனக்கு வேண்டியது 350. இரண்டு வாயையும் பாதியாகச் சாத்தினேன். கால் மணி நேரம் கழித்து 620. இன்னும் சாத்தினேன். முக்கால் மணி கழித்தும் 550-க்குக் கீழே வரவில்லை. பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வருவது வரட்டும் என்று கோழியைப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் தோல் கரிக்கட்டை. எலும்போரம் கத்தியை விட்டால் ரத்தம். அன்றைக்கு எல்லாரும் தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன், மூடி அப்போதும் சுட்டது.

நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நான் சொல்வது இதைத்தான்: கமாடோவில் சூட்டை ஏற்றலாம், இறக்க முடியாது. கேஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் தீயும் குறையும், சூடும் குறையும். இங்கே தீ குறைந்தாலும் சூடு போவதில்லை. ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்துக்குப் பீங்கான் சுவர் சுற்றி நிற்கிறது. அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த அடுப்பின் பலமும் அதுதான். ஒருதடவை 250 டிகிரியில் நின்றுவிட்டால், ஒரு கூடை கரியில் 12 மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் நிற்கும். உள்ளே ஓடுகிற காற்று கொஞ்சம்தான் என்பதால் இறைச்சியின் ஈரமும் வற்றிப்போகாது. அதே பலம், எல்லை மீறிப் போனால் நமக்கு எதிராகத் திரும்பும்.

இந்த அடுப்புக்கும் நம் அட்லாண்டாவுக்கும் ஒரு உறவு இருக்கிறது. கமாடோ என்றாலே ஜப்பானிய மொழியில் அடுப்பு. முஷிகமாடோ என்று சோறு சமைப்பதற்கான உருண்டையான மண் அடுப்பு அங்கே இருந்தது, மூடியோடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதை இங்கே கொண்டுவந்து இறைச்சி சுட ஆரம்பித்தார்கள். 1974-இல் எட் ஃபிஷர் என்பவர் இதே அட்லாண்டாவில் கடை திறந்து, இறக்குமதி செய்து விற்றார். அந்த மண் அடுப்புகள் சூட்டிலும் மழையிலும் வெடிப்புவிட்டன. நல்ல பீங்கானில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவருடைய ‘பிக் கிரீன் எக்’ அடுப்பு இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்துக்கு வந்தது. சோற்றுப்பானைக்காகப் பிறந்த அடுப்பு என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் இடம். மழை வந்தால் கராஜுக்குள் தள்ளிவிடலாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கூடவே கூடாது. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, ஆளைக் கொல்லும். மழை பெய்தால் மழையிலேயே நிற்கட்டும், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. மரத்தில் செய்த மேஜைமேல் நேராக உட்காரவைக்காதீர்கள். அடியில் கல்லோ அதற்கென்று விற்கிற கால்களோ வைத்து, மரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் காற்று போகிற இடைவெளி விட வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல ஊர்களில் தீயணைப்பு விதிகளே பால்கனியில் கரியடுப்பைத் தடுக்கின்றன. கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

உள்ளே இருக்கிற கரிக்கூட்டின் அடியில் ஒரு திறப்பு இருக்கும். அது வெளியே இருக்கிற கீழ்க்கதவுக்கு நேராக வர வேண்டும். அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டு, தீ பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று அழைத்தவர்கள் உண்டு. மூடியையும் அடிப்பாகத்தையும் பிடித்திருக்கிற இரும்புப் பட்டைகளின் மறைகளை, முதல் மூன்று நாலு சமையல் முடிந்ததும் ஒருதடவை, அடுப்பு ஆறின பிறகு இறுக்கிவிடுங்கள். சூட்டில் தளரும். பட்டை தளர்ந்து மூடி நழுவி விழுந்தால் அதோடு போயிற்று. விளிம்பில் கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கிறது பாருங்கள், காஸ்கெட். அதன் பசை நன்றாகப் பிடிக்கும்வரை, முதல் நாலைந்து சமையலுக்கு 350 டிகிரியை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பீட்சாவுக்கு 500, 600 டிகிரி வேண்டும். அதனால்தான் பிள்ளைகளின் பீட்சாவை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அவர்களிடம் நானே பேசுகிறேன்.

மூடியில் இருக்கிற தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் முனையை விட்டுப் பாருங்கள். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரம். 210 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் பின்னால் இருக்கிற மறையைத் திருகிச் சரிசெய்யலாம். அது மூடிக்கு அடியில் இருக்கிற சூட்டைக் காட்டுகிறது, கறி இருக்கிற கம்பித்தட்டில் ஆரம்பத்தில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். இதைத் தவிர, கறிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றை யாராவது வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் கோழியைத் தொடாதீர்கள்.

கரியைப் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். கட்டை கட்டையாக இருக்கிற மரக்கரிதான் வேண்டும், இங்கே லம்ப் என்று மூட்டையில் விற்பது. ஓக், ஹிக்கரி இரண்டும் நல்ல கரி. சதுரம் சதுரமாக அச்சில் வார்த்த பிரிக்கெட்டில் சாம்பல் அதிகம். அடித்தட்டின் ஓட்டைகளை அடைத்துக் காற்றை நிறுத்திவிடும். பற்றவைப்பதற்கு எண்ணெய் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பீங்கான் அந்த நாற்றத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மீனைச் சுட்டாலும் மண்ணெண்ணெய் வாசம்தான். மெழுகும் மரத்தூளும் கலந்த கட்டி விற்கிறார்கள், அது போதும்.

இனி பற்றவைக்கிற வேலை. இங்கேதான் அவசரம் ஆளைக் கெடுக்கும்.

மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். கையால் எடுத்து அடுக்குங்கள். முஷ்டி அளவுக் கட்டைகளை அடியில் வைத்தால் தட்டின் ஓட்டைகள் அடையாது. நடுத்தரமானவற்றை மேலே போடலாம். தூளையெல்லாம் மூட்டையிலேயே விட்டுவிடுங்கள். கரிக்கூட்டின் மேல்விளிம்புவரை நிரம்பட்டும். கரி எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் சூடு எவ்வளவு ஏறும் என்பதற்கும் சம்பந்தமில்லை, காற்றுதான் கணக்கு. நடுவில் ஒரு குழி பறித்து ஒரே ஒரு மெழுகுக் கட்டியை வைத்துக் கொளுத்துங்கள். அதன்மேல் இரண்டு சின்னத் துண்டுகளைச் சாய்த்துவையுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும், கீழ்க்கதவும் முழுசாகத் திறந்திருக்கட்டும். பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள், போனை எடுக்காதீர்கள். மெழுகின் மஞ்சள் தீ அடங்கி, ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குக் கரியின் ஓரம் ஆரஞ்சு நிறத்தில் கனிந்து வரும். சட் சட்டென்று ஒரு சத்தம் கேட்கும். பொறி ஒன்றிரண்டு தெறிக்கும். அவ்வளவு கங்கு போதும். மற்றதெல்லாம் கறுப்பாகவே இருக்கிறதே என்று இன்னொரு கட்டியைக் கொளுத்தத் தோன்றும். கொளுத்தாதீர்கள். என் 650 டிகிரி அங்கேதான் ஆரம்பித்தது.

இப்போது சூடு நேராகப் படாமல் தடுக்கிற பீங்கான் கல்லை வைத்து, கம்பித்தட்டைப் போட்டு, மூடியைச் சாத்துங்கள். மேல்வாய் திறந்திருக்கட்டும். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். கடையில் விற்கிற கரியும் முழுக்கக் கரியாகியிருக்காது. அதில் மிச்சமிருக்கிற மரச்சத்தும் ஈரமும் இப்படி வெளியேறுகிறது. இந்தப் புகையில் கறியை வைத்தால் நாக்கில் கசக்கும், தொண்டையில் கரிக்கும். புகை வாசம் வேண்டும் என்றுதானே வாங்கினோம் என்று நினைத்து உடனே கறியைப் போட்டுவிடுவார்கள் பலர். சித்தப்பா மாதிரி நின்று பாருங்கள். இருபது முப்பது நிமிஷத்தில் வெள்ளை போய், மேல்வாய்க்கு மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரியும். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் ஒரு மெல்லிய நீலம். கையை மேலே காட்டி முகர்ந்தால் இனிப்பாக இருக்கும், கண் கரிக்காது. சமைக்கிற புகை அது.

அதற்குள் முள் ஏறிக்கொண்டே இருக்குமே, அதையும் பார்க்க வேண்டும். 350 வேண்டுமென்றால், முள் 300-ஐத் தொடும்போதே சாத்த ஆரம்பித்துவிடுங்கள். கீழ்க்கதவு இரண்டு விரல்கடை, மேல்வாய் கால்வாசி. 250 வேண்டுமென்றால், 200-இலேயே கீழே ஒரு விரல்கடைக்கும் குறைவாக, மேலே ஒரு கீற்று. இவை என் அடுப்பின் அளவுகள். உங்களுடையது கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒன்பது வீட்டுக்கும் பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, யார் எப்போது சமைத்தாலும் கீழே எத்தனை விரல், மேலே எவ்வளவு, முள் எங்கே நின்றது, அன்று காற்றடித்ததா என்று எழுதிவையுங்கள். நாலு தடவைக்குப் பிறகு அந்த நோட்டு யார் சொல்வதைவிடவும் மேல். வாயை ஒருதடவை அசைத்தால் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திருகினால், இப்போது செய்த திருத்தத்துக்கு அடுப்பு பதில் சொல்கிறதா, முன்னால் செய்ததற்குச் சொல்கிறதா என்று தெரியாமல் போய்விடும். பத்து டிகிரி இப்படி அப்படி இருந்தால் கறிக்கு ஒன்றும் ஆகாது.

மூடியைத் திறக்கிற விதத்தை வீட்டிலுள்ள எல்லாருக்கும், பெரிய பிள்ளைகள் உட்பட, சொல்லிக்கொடுங்கள். வாய்கள் சாத்தியிருக்கும்போது உள்ளே கங்கு காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும். எரியாத வாயு தேங்கி நிற்கும். சடாரென்று மூடியைத் தூக்கினால் வெளிக்காற்று பாய்ந்து, தீ ஒரே நொடியில் முகத்துக்கு நேராக எழும்பும். எனக்கு முன்கை ரோமமும் ஒரு புருவமும் போயிருக்கிறது. கண் தப்பியது கடவுள் கிருபை. ஓர் அங்குலம் தூக்குங்கள், நிறுத்துங்கள், நாலைந்து எண்ணுங்கள், இறக்குங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்துவிட்டுப் பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறங்கள். கைக்கு நீளமான உறை. துப்பட்டாவோ தொங்குகிற கயிறு வைத்த சட்டையோ அடுப்புப் பக்கம் வேண்டாம்.

முதல் சமையலுக்குப் பிரிஸ்கெட்டை விட்டுவிட்டுக் கோழிக்கால் எடுங்கள். தொடையோடு சேர்ந்த லெக் குவார்ட்டர் மலிவாகக் கிடைக்கும். அதில் கொழுப்பும் சவ்வும் இருப்பதால் சூடு முன்பின் போனாலும் பொறுத்துக்கொள்ளும். நெஞ்சுக்கறி பொறுக்காது, சக்கையாகிவிடும். தயிர், மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு, பொடித்த மிளகு, உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய் போட்டு முதல் நாள் ராத்திரியே ஊறவையுங்கள். சர்க்கரையோ தேனோ சேர்க்காதீர்கள், கறுத்துவிடும். தடுப்புக்கல்லின் மேல் ஒரு தகரத் தட்டு இருந்தால் கொழுப்பு அதில் சொட்டும். 350 டிகிரியில், மூடியைத் திறக்காமல் நாற்பது நிமிஷம். பிறகு எலும்பைத் தொடாமல் தொடையின் கனத்த இடத்தில் குத்திப் பாருங்கள். கோழிக்கு 165 டிகிரி வந்தால் பயமில்லை என்பது அரசாங்கக் கணக்கு. தொடைக்கறிக்கு நான் 180 வரை விடுவேன். அப்போதுதான் சவ்வு கரைந்து எலும்பைவிட்டுக் கழன்று வரும்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு இந்தக் கோழியை நம்பி இருக்காதீர்கள். வீட்டில் சாம்பாரோ ரசமோ தயாராக இருக்கட்டும். அடுப்பைப் பழகுகிற நாளில் யாரும் பசியோடு காத்திருக்கக்கூடாது.

ஒன்பது வீட்டில் மூன்று வீடு சைவம் என்று எனக்குத் தெரியும். அவர்களும் சமமாகத்தான் பணம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று வாங்க வேண்டியது இரண்டாவது கம்பித்தட்டும் இரண்டாவது இடுக்கியும், அவ்வளவுதான். எப்போதும் அவர்கள் முறை முதலில் வரட்டும், கறி பிறகு. பெரிய கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, தடுப்புக்கல் இல்லாமல், கங்குக்கு நேர்மேலே வைத்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் முழுக்கக் கறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்கினால் துவண்டு தொங்க வேண்டும். ஆறவைத்துத் தோலை உரித்துப் புளி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துப் பிசைந்து தாளித்துக்கொட்டினால், அடுப்பங்கரையில் கேஸ் தீயில் சுட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் கவளத்தில் தெரியும். மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி, பன்னீர் எல்லாமே இந்த நேர்ச்சூட்டுக்கு ஏற்றவை.

இரண்டாவது வாரம் மீன். இங்கே கிடைக்கிற ரெட் ஸ்னாப்பர் எடுங்கள். மூன்றாவது வாரம் ஆட்டு முன்னங்கால் சப்பை. முதலில் இரண்டு மணி நேரம் 275 டிகிரியில் திறந்தபடி புகை வாங்கவிட்டு, பிறகு வெங்காயம் தக்காளியோடு இரும்புச்சட்டியில் மூடி, எலும்பு கழன்று வரும்வரை, ஏறக்குறைய 200 டிகிரி உள்சூடு வரும்வரை. அது கைக்கு வந்துவிட்டால் பிரிஸ்கெட்டும் வரும். பெரிய கறித்துண்டு 150-ஐத் தாண்டி ஓரிடத்தில் மணிக்கணக்கில் நின்றுவிடும். கறியின் ஈரம் வியர்வை மாதிரி ஆவியாகித் தன்னைத்தானே குளிர்த்திக்கொள்வதால் அப்படி. அந்தச் சமயத்தில் பதறிக் கீழ்க்கதவைத் திறந்து எல்லாவற்றையும் கெடுக்காமல் இருக்க மூன்று வாரப் பழக்கம் வேண்டும். 30 பேரை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள்.

சமைத்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள், பீங்கான் வெடிக்கும். மேலும் கீழும் முழுசாகச் சாத்திவிடுங்கள். காற்றில்லாமல் தீ தானாகச் சாகும். மிச்சக் கரி அப்படியே கிடக்கும். அடுத்த தடவை கிளறி, தூளையும் சாம்பலையும் கீழ்க்கதவு வழியாக இழுத்து எடுத்துவிட்டு, மேலே புதுக்கரியைப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்வரை சாம்பலை அள்ளவும் கூடாது, உறை போடவும் கூடாது. நீறு பூத்த கங்கு உள்ளே இருப்பது வெளியே தெரியாது. சாம்பலை எப்போதும் மூடி போட்ட தகர வாளியில்தான் கொட்ட வேண்டும். உள்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். சில வாரம் தொடாமல் விட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பயப்படாதீர்கள், சூடேற்றி எரித்துத் தேய்த்துவிட்டால் போயிற்று. கரிக்கூட்டில் ஒருநாள் விரிசல் விழுந்தாலும் பதறாதீர்கள். என்னுடையதில் ஆறு வருஷமாக ஒரு விரிசல் இருக்கிறது, சமையலில் ஒரு மாற்றமும் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். கரி மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்; அடுக்குவது எப்படி என்று உங்கள் ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒவ்வொரு கட்டையாக எடுத்துவைத்தே பார்க்க வேண்டும். நாலு கத்தரிக்காயும் அம்மாவின் ஓலை விசிறி மாதிரி ஒன்றும் நான் கொண்டுவருகிறேன். கோழிக்கால் பன்னிரண்டு துண்டு போதும். சாம்பார் யார் வீட்டில் என்பதை மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் வீட்டு அக்கா